சிமெண்டு மூட்டையும் சில நூறு டாலரும்

1940-களின் பிற்பாதியில் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் ஓர் இளைஞன் தன் காரைத் தாழ்த்த நினைத்தால் மெக்கானிக்கைத் தேடிப் போகவேண்டியதில்லை. வீடு கட்டும் இடத்திலோ சாமான் கடையிலோ இரண்டு மூன்று மூட்டை கிடைத்தால் போதும். அமெரிக்கச் சிமெண்டு மூட்டை ஒன்றின் எடை 94 பவுண்டு, நம் கணக்கில் 43 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மணல் மூட்டை அதைவிட மலிவு. மூட்டைகளை டிக்கிக்குள் பின் ஓரமாக அடுக்கினால் வண்டியின் பின்பக்கம் ஓரிரு அங்குலம் கீழே அமரும். பம்பர் தரையை நோக்கிச் சாயும். மூட்டைகளை எடுத்துவிட்டால் வண்டி பழைய உயரத்துக்கு வந்துவிடும். ஸ்பேனர் எடுக்காமலே செய்யக்கூடிய மாற்றம் அது.

இன்று அதே தெருவில் ஓர் இளைஞன் கைப்பேசியில் காரின் பெயரையும் வருடத்தையும் தட்டினால் எத்தனை மில்லிமீட்டர் இறங்கும் என்ற விவரத்தோடு நான்கு ஸ்பிரிங்குகள் பெட்டியில் வந்து சேர்கின்றன. விலை சில நூறு டாலர். பொருத்துவதற்கான படங்களும் உள்ளே இருக்கும். முன்னவனுக்கு எத்தனை இறங்கும் என்பது இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

லோரைடர் என்று உலகம் அறியும் கார்ப் பண்பாடு, இரண்டாம் உலகப் போரின் காலத்திலும் அதற்குப் பிறகும், மெக்சிக வம்சாவளி அமெரிக்கர்கள் வாழ்ந்த தென்மேற்கு நகரங்களில் உருவானது. 1942 தொடக்கத்தில் அமெரிக்கா சொந்த உபயோகக் கார்களின் உற்பத்தியை நிறுத்திவிட்டு டாங்கிகளும் விமானங்களும் செய்யப் போனது. 1945-ல் உற்பத்தி திரும்பியபோதும் புதுக் கார் எல்லார் கைக்கும் எட்டவில்லை. எட்டியது போருக்கு முந்தைய பழைய செவ்ரலே. லாஸ் ஏஞ்சலஸின் வெள்ளை இளைஞர்கள் ஃபோர்டின் வி-8 எஞ்சினைத் தேடினார்கள். பழைய ஃபோர்டின் தகடுகளைக் கழற்றி எறிந்துவிட்டு வறண்ட ஏரிப் படுகைகளில் வேகப் பந்தயம் விட்டார்கள். செவ்ரலேயின் ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு அந்தக் கூட்டத்தில் மரியாதை இல்லை. அந்த மரியாதைக் குறைவுதான் பழைய செவ்ரலேயை மலிவாக்கியது. வேகத்தில் போட்டியிட முடியாத வண்டியை வேகத்துக்கு நேரெதிரான காரியத்துக்கு எடுத்துக்கொண்டார்கள்: தெருவைத் தொட்டும் தொடாமலும், பாட்டு கேட்கும்படி, நடப்பவர் பார்க்கும்படி, மெல்ல ஊர்ந்து போவது. இல்லாமையிலிருந்து பிறந்த அழகியல் என்று இதைச் சுருக்கிவிடுவார்கள். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. ஃபோர்டு வாங்க முடிந்திருந்தாலும் சிலர் மெதுவாகத்தான் போயிருப்பார்கள்.

மூட்டை தற்காலிக வழி. நிரந்தரமாகத் தாழ்த்த அன்று மூன்று வழிகள் இருந்தன. முதலாவது கட்டை. அந்தக் காலச் செவ்ரலேயின் பின்பக்கத்தில் இருந்தது பட்டை ஸ்பிரிங். அதற்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஓர் இரும்புக் கட்டையை வைத்து, நீளமான யு-போல்ட்டால் இறுக்கினால், கட்டை எவ்வளவு உயரமோ அவ்வளவும் வண்டி இறங்கும். இரண்டு அங்குலக் கட்டைக்கு இரண்டு அங்குலம். கணக்கு நேரானது. ஸ்பிரிங்கின் குணமும் மாறாது. மூன்றில் இதுவே நேர்மையான வழி. ஆனால் பின்பக்கத்துக்கு மட்டும்.

முன்பக்கம் அப்படியல்ல. 1939 முதலே செவ்ரலேயின் முன்சக்கரங்களுக்குச் சுருள் ஸ்பிரிங் வந்துவிட்டது. அதைத் தாழ்த்த ஒரு சுற்றை வெட்டவேண்டும். இங்கேதான் கணக்கு புரளும். ஸ்பிரிங் இருப்பது சக்கரத்தின் நேர் மேலே அல்ல, சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் நடுவாக்கில். ஆகவே ஸ்பிரிங்கில் ஓர் அங்குலம் குறைந்தால் சக்கரத்தருகே அதன் இரு மடங்குக்குப் பக்கமாக இறங்கும். அத்துடன், சுருளில் சுற்று குறையக் குறைய மிச்சமுள்ள கம்பி விறைக்கும். எட்டுச் சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால், அது முன்னைவிட ஏழில் ஒரு பங்கு, அதாவது 14 சதவீதம், கடினமாகிறது. சூத்திரம் தெரியாவிட்டாலும் அன்றைய பையன்கள் முதுகெலும்பால் இதை அறிந்திருந்தார்கள். அரைச் சுற்று வெட்டி, மாட்டிப் பார்த்து, மறுபடி கழற்றி, இன்னும் கால் சுற்று வெட்டுவது அவர்கள் முறை. அதிகம் வெட்டிவிட்டால் ஒட்டவைக்க வழியில்லை. பழைய இரும்புக் கடையில் இன்னொரு ஸ்பிரிங் தேடவேண்டும்.

மூன்றாவது வழி நெருப்பு. கழற்றக்கூட வேண்டாம். வண்டி நிற்கும் நிலையிலேயே கேஸ் டார்ச்சால் சுருளைச் சிவக்கக் காய்ச்சினால், வண்டியின் எடையே அதை அமுக்கிவிடும். கண்ணெதிரே கார் இறங்கும். சில நிமிட வேலை. மூன்றில் மிக மலிவானது இதுதான், மிக மோசமானதும் இதுதான். ஸ்பிரிங் எஃகின் உயிர் அதன் பதத்தில் இருக்கிறது. தொழிற்சாலையில் சூடேற்றி, எண்ணெயில் குளிர்வித்து, மறுபடி அளவான சூட்டில் பதப்படுத்தியே அந்தத் துள்ளலைக் கொடுக்கிறார்கள். சிவக்கக் காய்ச்சிய இடத்தில் அந்தப் பதம் போய்விடும். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே அளவு இறங்குவதும் டார்ச் பிடித்தவரின் கை ராசி. காய்ச்சிய ஸ்பிரிங் மாதக்கணக்கில் மேலும் மேலும் தொய்யும். ஒரு நாள் உடையவும் உடையும்.

மலிவு என்று நாம் சொல்வது பெரும்பாலும் வாங்கும் அன்றைய செலவை மட்டுமே. தாழ்த்திய வண்டியில் சக்கரம் மேலெழும்ப இடம் குறைவு. சின்னப் பள்ளத்துக்கும் ரப்பர் தடுப்பில் போய் இடிக்கும். நீளமாக ஏறி இறங்குவதற்கென்று செய்த ஷாக் அப்சார்பர் பாதி அமுங்கிய நிலையிலேயே வாழ்ந்து சீக்கிரம் கசியும். சக்கரங்கள் உட்பக்கம் சாய்ந்து டயரின் உள்விளிம்பு தேயும். ஸ்டியரிங் கோலின் கோணம் கெடுவதால், பள்ளத்தில் இறங்கும்போது ஸ்டியரிங்கைத் தொடாமலே வண்டி திரும்பப் பார்க்கும். இவற்றுக்கெல்லாம் அன்று ஒரே பரிகாரம் மெதுவாகப் போவது. அழகுக்காக மெதுவாகப் போனார்கள் என்பது உண்மை. வேறு வழியில்லை என்பதும் உண்மை.

1958-ஐ இந்தக் கதையின் நடு மூட்டு என்று சொல்லலாம். அந்த ஆண்டு நடந்தவை ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. செவ்ரலே இம்பாலா என்ற பெயரில் புதுக் காரை வெளியிட்டது. அதன் சேஸிஸ் எக்ஸ் வடிவில் நடுவில் குறுகியது. பக்கங்களில் சட்டகம் இல்லாததால் தரைப்பலகையைத் தாழ்த்தி வைக்க முடிந்தது. பின்பக்கத்திலும் பட்டைக்குப் பதிலாகச் சுருள் ஸ்பிரிங் வந்தது. கூடுதல் பணம் கொடுத்தால் காற்று சஸ்பென்ஷனும் கிடைத்தது. அதிகம் விலைபோகாமல் அது சீக்கிரமே மறைந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவராக மூன்று பத்தாண்டுகள் இருந்த ஹார்லி ஏர்ல் ஓய்வு பெற்றதும் அதே ஆண்டுதான். அமெரிக்கக் காரை நீட்டுவதும் தாழ்த்துவதுமே தன் வேலையின் சாரம் என்று அவர் வெளிப்படையாகச் சொல்லி வந்தவர். அந்த 1958-ல்தான் கலிஃபோர்னியாவில் தாழ்த்திய கார்களுக்கு எதிரான சட்டம் நடைமுறைக்கு வந்தது. காரின் மூல வடிவத்தை மாற்றி, அதன் எந்தப் பகுதியும் சக்கர ரிம்மின் கீழ்விளிம்பைவிடத் தாழும்படி செய்து ஓட்டினால் குற்றம். ஏர்ல் தொழிற்சாலையில் தாழ்த்தினால் அது புதிய மாடல். பையன் சந்தில் தாழ்த்தினால் அபராதச் சீட்டு. சட்டத்தின் வாசகத்தில் யாருடைய இனமும் இல்லை; சீட்டு யாருக்குக் கிழிக்கப்பட்டது என்பதைக் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் விட்டியர் வீதியில் ஓட்டியவர்கள் அறிவார்கள்.

கீழே போனால் குற்றம். கீழே போகாவிட்டால் அது லோரைடர் இல்லை. இந்த முட்டுக்கட்டையைத் திறந்த பெயராகச் சொல்லப்படுவது ரான் அகிரே. 1959-ல் அவர் தன் கார்வெட்டில் ஹைட்ராலிக் பம்பைப் பொருத்தினார். பம்பும் வால்வுகளும் பெஸ்கோ நிறுவனத் தயாரிப்பு, போர்விமானங்களிலிருந்து உபரியாகக் கழித்தவை. லாக்ஹீடு, டக்ளஸ் விமான நிறுவனங்கள் இயங்கிய தெற்குக் கலிஃபோர்னியாவில் விமான உதிரிகள் பழஞ்சாமான் கடைகளில் கிடைத்தன. விமானத்தின் சக்கரங்களை ஏற்றி இறக்கிய அதே எண்ணெய் அழுத்தம் காரையும் ஏற்றி இறக்கியது. சுவிட்சைத் தட்டினால் வண்டி தரையைத் தொடும். போலீஸ் விளக்கு தெரிந்தால் மறுபடி தட்டினால் போதும், சட்டம் கேட்கும் உயரத்துக்கு எழுந்து நிற்கும். இம்பாலாவின் நான்கு மூலைச் சுருள்களும் இதற்கென்றே செய்தவைபோல் வாய்த்தன. எண்ணெய் உருளையைச் சுருளின் தலையில் வைத்துவிடலாம்.

பிறகு விமான உபரி தீர்ந்து, லாரிகளின் பின்கதவைத் தூக்கும் மோட்டாரும் பம்பும் அந்த இடத்தைப் பிடித்தன. ஒரு பேட்டரி போதாமல் நான்கு, ஆறு என்று வரிசையாக இணைத்தார்கள். டிக்கியில் சிமெண்டு மூட்டை இருந்த இடத்தில் இப்போது ஈயமும் அமிலமும். எடை என்னவோ குறையவில்லை. ஏழையின் தந்திரமாகத் தொடங்கியது, சட்டத்துக்குப் பதில் சொல்லப்போய்ச் செலவுள்ள கலையானது. மலிவாகத் தாழ்த்துவதைத் தடுக்க வந்த சட்டம் விளைவித்த முதல் மாற்றம் இதுவே. முன்பு ஒரு ரம்பமும் ஒரு பகல் பொழுதும் கேட்ட வேலை, இப்போது வெல்டிங்கும் வயரிங்கும் உயர் அழுத்தக் குழாயும் தெரிந்த ஆளைக் கேட்டது. அப்படிப்பட்ட ஆட்கள் உருவானார்கள். கேரேஜ்கள் பட்டறைகளாயின. அண்ணன் தம்பிக்குக் கற்றுக்கொடுத்தான். கார் கிளப்புகள் தங்கள் பெயர்ப்பலகையைப் பின்கண்ணாடியில் வைத்துக்கொண்டு ஞாயிறு மாலைகளில் வரிசையாகப் போயின.

சட்டத்தின் அளவுகோலைப் பற்றி ஒரு சிறு கணக்கு. 1958 இம்பாலாவுக்கு வந்தது 14 அங்குல ரிம்மும் தடித்த பக்கச் சுவருள்ள டயரும். சுமையில் டயர் அமுங்கிய பிறகும் தரைக்கும் ரிம் விளிம்புக்கும் நடுவே ஐந்து அங்குலத்துக்குப் பக்கம் இடைவெளி இருந்திருக்கும். அதற்குக் கீழே எதுவும் தொங்கக்கூடாது. இன்று ஷோரூமிலிருந்தே வரும் பல கார்களுக்கு 19 அங்குல ரிம். 245/35 அளவுள்ள டயரின் பக்கச் சுவர் மொத்தமே 86 மில்லிமீட்டர். அமுங்கல் கழிந்தால் மூன்று அங்குலம்கூடத் தேறாது. சட்டத்தின் எழுத்து ஒன்று மாறாமலே, அது அனுமதித்த தாழ்வு மாறிவிட்டது. பெரிய ரிம் வாங்க வசதி உள்ளவன் அதிகம் தாழ முடிந்தது. சின்னக் கம்பி ரிம்மில் ஓடும் பழைய லோரைடருக்கு அந்தச் சலுகை இருக்கவில்லை.

தாழ்த்துவதோடு சுற்றுவதும் குற்றமானது. விட்டியர் வீதியின் இரவு ஊர்வலத்தை 1979-ல் போலீஸ் அடைத்தது. 1980-களில் கலிஃபோர்னியா நகரங்கள் ஒவ்வொன்றாகத் தடைகளை இயற்றின. ஒரே இடத்தைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் மீண்டும் மீண்டும் கடந்தால் அபராதம். இந்தத் தடைகள் ஒரு தலைமுறைக்கு மேல் நீடித்தன. சான் ஹோசேயும் சாக்ரமெண்டோவும் 2022-ல் தங்கள் தடையை விலக்கின. சான் டியாகோ பகுதிச் சட்டமன்ற உறுப்பினர் டேவிட் அல்வாரெஸ் கொண்டுவந்த மசோதா 2023 அக்டோபரில் கையெழுத்தாகி, 2024 ஜனவரி 1 முதல் நகரங்கள் இப்படித் தடைபோடும் அதிகாரத்தையும், 1958-லிருந்து வந்த அந்த ரிம் அளவுச் சட்டத்தையும் சேர்த்தே நீக்கியது. 65 ஆண்டுகளுக்கு மேல். முதல் சீட்டு வாங்கிய இருபது வயதுப் பையன் இருந்தால் அவருக்கு இன்று எண்பதைத் தாண்டியிருக்கும்.

இதற்கிடையில் மதிப்பு தலைகீழானது. இம்பீரியல்ஸ் கிளப்பின் ஜெஸ்ஸி வாலதெஸ் உருவாக்கிய, ரோஜாக்கள் வரைந்த 1964 இம்பாலா 'ஜிப்சி ரோஸ்' 2017-ல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் ஏறி, தலைநகர் வாஷிங்டனின் நடுவில் கண்ணாடிக் கூண்டுக்குள் காட்சிக்கு நின்றது. நியூ மெக்சிகோவின் சிமாயோ கிராமத்தில் தயாரான ஒரு ஃபோர்டு எல்.டி.டி. ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1977-ல் சான் ஹோசேயில் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய 'லோரைடர்' பத்திரிகை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அச்சாகி, கடைசியில் அதன் நிறுவனம் ஒரே நாளில் மூடிய பல கார் இதழ்களோடு அச்சை நிறுத்தியது. அருங்காட்சியகம் வந்தது, பெட்டிக்கடையில் தொங்கிய இதழ் போனது.

மலிவு இன்று எங்கே இருக்கிறது? உதிரியில் இருக்கிறது. முதலில் தயார் ஸ்பிரிங்: நீளம் குறைவு, விறைப்பு அளந்து கூட்டியது, இடம் வலம் ஒன்றுபோல் பதமானது. அடுத்தது திருகுமரை உள்ள காயில்-ஓவர். சாவியால் திருகி ஒவ்வொரு சக்கரத்தின் உயரத்தையும் தனித்தனியே வைக்கலாம், பிடிக்காவிட்டால் திரும்ப ஏற்றலாம். பழைய செவ்ரலேக்காரருக்கு எனக்குத் தெரிந்து மிக அழகான தீர்வு, தாழ்த்திய ஸ்பிண்டில். சக்கரம் மாட்டும் அச்சை, அது பொருந்தும் வார்ப்பில் இரண்டு அங்குலம் மேலே நகர்த்தியிருப்பார்கள். ஸ்பிரிங்கைத் தொடவேண்டாம், கைகளின் கோணம் கெடாது, சக்கரம் எழும்பும் இடம் குறையாது, வண்டி மட்டும் இரண்டு அங்குலம் இறங்கும். டார்ச்சைப் பிடித்தவன் எதற்காகப் பாடுபட்டானோ அதைத் தண்டனையின்றித் தருகிறது இந்த ஒரு வார்ப்பு. லாரிகளிலிருந்து வந்த ரப்பர் காற்றுப்பைகள் ஹைட்ராலிக்கின் இடத்தில் ஒரு பகுதியைப் பிடித்துவிட்டன. எண்ணெய் ஒழுகாது, உள்ளே இருப்பவரின் எலும்பும் அதிராது. காரைக் குதிக்கவைக்க மட்டும் இன்னும் எண்ணெய்தான்.

சம்பளக்காரன் ஒருவன் ஒரு மாத மிச்சத்தில், உயிருக்கு ஆபத்தில்லாமல், சட்டத்துக்கும் பயப்படாமல் காரைத் தாழ்த்த முடிவது இதுவே முதல் முறை. இதைச் சின்ன லாபம் என்று சொல்லமாட்டேன். ஸ்பிரிங் உடைந்து தடம் மாறிய வண்டிகளை எண்ணிப் பார்த்தவர்கள் யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் மலிவு உதிரிக்குப் போனபோது காரை விட்டுப் போய்விட்டது. யாரும் விரும்பாததால் கைக்கு எட்டிய வண்டி என்பதே லோரைடரின் தொடக்கம். 1964 இம்பாலா புதிதாக இருந்தபோது கூரை மடியும் உயர்ந்த மாடலே மூவாயிரம் டாலரை ஒட்டித்தான் விற்றது. பத்து வருடம் கழித்து பழைய கார் சந்தையில் மாணவன் வாங்கும் விலைக்கு இறங்கியிருந்தது. இன்று அதே வண்டி நல்ல நிலையில் பல பத்தாயிரம் டாலர். சில நூறு டாலர் ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு அந்த வாசலில் நிற்க முடியாது. பட்டறை அறிவும் வேறு மாதிரி ஆகிவிட்டது. பெட்டியைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர்கள் நிறைய. அரைச் சுற்று வெட்டி மாட்டி, சக்கர வளைவுக்குக் கீழே விரல்களை அடுக்கி அளந்து, போதும் என்று நிறுத்தத் தெரிந்தவர்கள் வயதானவர்கள்.

சுற்றிலும் வேறொன்று நடக்கிறது. சிட்ரோயன் டி.எஸ். 1955-லேயே எண்ணெயும் வாயுவும் கொண்டு தானே எழுந்து அமர்ந்த கார். அப்போது அது அதிசயம். இன்று விலை கூடிய மின்கார்கள் நெடுஞ்சாலையில் வேகம் எடுத்ததும் காற்று சஸ்பென்ஷனைத் தாமே தாழ்த்திக்கொள்கின்றன. கீழே போகும் காற்று குறைந்தால் பேட்டரி சற்று அதிக தூரம் வரும். மெதுவாகப் போவதற்குத் தாழ்ந்த தெருவில், வேகமாகப் போவதற்குத் தாழ்கிறது தொழிற்சாலையின் கார். இரண்டுக்கும் உறவு இருப்பதாக அதைச் செய்யும் பொறியாளர்கள் நினைப்பதாகத் தெரியவில்லை.

இம்பாலா எட்டாத பிள்ளைகள் 1980-களின் ப்யூயிக் ரீகலுக்கும் ஓல்ட்ஸ்மொபைல் கட்லஸுக்கும் போனார்கள். அவற்றிலும் நான்கு மூலையிலும் சுருள்தான். அவையும் விலை ஏறத் தொடங்கியபோது 1990-களின் லிங்கன் டவுன் கார் வந்தது. பெரியவர்கள் ஓட்டி முடித்த, வாடகைக்கு ஓடிய, நீளமான, யாரும் அதிகம் கேட்காத வண்டி. அதன் பின்பக்கம் தொழிற்சாலையிலிருந்தே காற்றுப்பையோடு வந்தது. வருடங்கள் கழித்து ரப்பர் வெடித்துப் பின்பக்கம் தரையில் அமரும்போது, புதுப் பைக்குச் செலவழிக்க மனமில்லாதவர்கள் அதைக் கழற்றிவிட்டுச் சாதாரணச் சுருள் ஸ்பிரிங் போடுகிறார்கள். போடுவதற்கு முன் கிரைண்டரால் ஒரு சுற்றை வெட்டிவிடுவதும் உண்டு.